குடிக்கலையே, அடிக்கலையே, அப்புறம் என்ன?

ஞாயிற்றுக்கிழமை நம் கூட்டத்தில் நடந்ததை இங்கே இருக்கிற பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். மீதிப் பேருக்குப் பார்த்தவர்கள் கைகால் ஒட்டவைத்துச் சொல்லியிருப்பார்கள். அதனால் முழுக்கதை வேண்டாம். ஒரு பெண் தன் கணவரைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அவர் தினமும் ராத்திரி கஞ்சா அடிக்கிறார்ணா. நடுராத்திரியில பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினா வண்டிய யார் எடுக்கிறது?"

நம் அண்ணன் சொன்ன பதில்: "குடிக்கலையே, அடிக்கலையே, அப்புறம் என்னம்மா?"

கூட்டம் சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

அடிக்கிறார் என்றுதானே அண்ணா அவள் சொன்னாள்.

கஞ்சா நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. அதற்கு நடுவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: அந்த வீட்டில் டியூட்டி பார்ப்பது ஒரே ஆள். தினமும். லீவே இல்லாமல். அவள் அதைத்தான் கேட்டாள்.

கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு ஜாயிண்டில், அதாவது காகிதத்தில் சுருட்டிய ஒரு கஞ்சா சிகரெட்டில், போகும் சரக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு கிராமிலிருந்து அரை கிராம். புகையாக இழுத்தால் சில நிமிடத்தில் ஏறும், அரை மணிக்குள் உச்சம், அப்புறம் இரண்டு மூன்று மணி நேரத்தில் மெல்ல இறங்கும். எட்டு மணிக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, 'தூக்கத்துக்காக' பதினொன்றரைக்கு ஒன்று. முதலாவது இறங்குவதற்குள் இரண்டாவது ஏறிவிடும். புகைத்தால் குறைந்தது 6 மணி நேரம், தின்றிருந்தால் 8 மணி நேரம் வண்டியைத் தொடக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பதினொன்றரையோடு ஆறைக் கூட்டுங்கள். காலை ஐந்தரை. ஆக, ராத்திரி எட்டிலிருந்து விடியும்வரை அந்த வீட்டில் வண்டி எடுக்கத் தகுதியுள்ளவர் அவள் ஒருத்திதான். அவளுக்கே நூற்றிரண்டு டிகிரி அடித்தாலும் அவள்தான்.

ஒரு நாள் இல்லை. வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து ராத்திரி.

'சாராயத்துக்கு இது எவ்வளவோ மேல்' என்று அடுத்து வருவீர்கள், தெரியும். ஒப்புக்கொள்கிறேன். மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டுப் பகுதியில் கஞ்சா போய் ஒட்டும் ஏற்பிகள் மிகக் குறைவு. அதனால்தான் அபின் வகைகளில் நடப்பதுபோல் அளவு மீறி மூச்சு நின்று சாவது இதில் இல்லை. ஈரல் வெந்துபோவதும் இல்லை. சந்தோஷம். ஆனால் அவள் 'இவர் செத்துப்போயிடுவாரா' என்று கேட்கவில்லையே. உயிரோடு, பக்கத்திலேயே, அதே சோபாவில் இருக்கிறார். ஆள் இருக்கிறார், அவர் இல்லை. இதைச் சாராயத்தோடு ஒப்பிட்டு என்ன ஆகப்போகிறது? பக்கத்து வீடு பற்றி எரிகிறது என்பதற்காக என் வீட்டுக் கூரை ஒழுகுவது நின்றுவிடுமா?

அந்த ஏற்பிகள் நெருக்கமாக இருக்கும் இடம் எது தெரியுமா? ஹிப்போகாம்பஸ். புது நினைவுகளைப் பதிவு செய்யும் இடம். மூளை தானாகவே அங்கே கொஞ்சம் கொஞ்சமாகச் சுரக்கும் ஒரு பொருளுக்கு 1992இல் கண்டுபிடித்தவர்கள் வைத்த பெயர் ஆனந்தமைடு, 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்தே. நல்ல பெயர்தான். தேவையான இடத்தில் சொட்டுச் சொட்டாக வருவது அது. கஞ்சாவில் போதை ஏற்றும் பொருளான டிஎச்சி வாய்க்கால் உடைந்த மாதிரி எல்லா இடத்திலும் பாயும். அதனால் போதையில் இருக்கும்போது பேசியது மறந்துபோவதில்லை. முதலில் பதிவாகவே இல்லை. அழிந்துபோன எழுத்து வேறு, எழுதாத பலகை வேறு.

இது புரியாமல்தான் எத்தனையோ வீட்டில் "சொன்னேனே", "நீ சொல்லவே இல்ல" என்று விடிய விடியச் சண்டை. இருவருமே பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்தப் பெண் ஒரு நோட்டு போட்டாள். பிள்ளையின் ஸ்கூல் கட்டணம் யார் கட்டுவது, தண்ணி மோட்டார் ரிப்பேருக்கு யார் ஆள் கூப்பிடுவது, எல்லாம் தேதி, மணியோடு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினாள். மறுநாள் காட்டினால் அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது என் கையெழுத்து மாதிரியே இருக்கே" என்றாராம். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நோட்டில் நேரம் 9.40 என்று இருந்தது. தப்பு அங்கேதான். ராத்திரி ஒன்பது நாற்பதுக்கு வாங்கிய சத்தியம் தண்ணீரில் எழுதியது.

அதே வீட்டில்தான் மேசை மேல் கிடந்த விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் ஒரு ஓரம் நேராகக் கிழிந்திருந்தது. ஃபில்டர் சுருட்ட. கஞ்சா பொடிக்கும் கிரைண்டரின் பற்களில் பழுப்புப் பிசின், நகத்தால் சுரண்டினாலும் வராது. குளியலறைக் கதவின் அடியில் ஈரத் துண்டு. கண் சிவப்பை மறைக்கச் சொட்டு மருந்து, தலையணைப் பக்கத்தில் ஒன்று, வண்டியில் ஒன்று, ஆபீஸ் பையில் ஒன்று. அந்த மருந்து கண்ணின் ரத்தக் குழாயைச் சுருக்கி வெள்ளையாக்கும். போதையைக் குறைக்காது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம்.

'பிடிக்கலைன்னா நிறுத்தச் சொல்லு, முடிஞ்சது' என்கிறவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். நிறுத்தினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

முதல் நாள் ஒன்றும் இருக்காது. "பார்த்தியா, எனக்கு அடிக்‌ஷன்லாம் கிடையாது" என்பார். டிஎச்சி கொழுப்பில் கரையும் பொருள். தினமும் அடிப்பவர் உடம்பில் தேங்கி, மெதுவாகத்தான் வெளியேறும். அந்த மிச்சம்தான் முதல் நாள் பேசுகிறது. இரண்டு மூன்று நாளில் ஆரம்பிக்கும். ஸ்பூன் கீழே விழுந்தால்கூட எரிச்சல். தட்டில் வைத்தது வைத்தபடி. ராத்திரி வியர்வையில் தலையணை உறை நனைந்திருக்கும். தூக்கம் வராது, வந்தால் கனவு. கனவு வரும் தூக்கத்தை இத்தனை வருஷமாகக் கஞ்சா அமுக்கிவைத்திருந்தது, இப்போது அது வட்டியும் முதலுமாகத் திரும்புகிறது. முதல் வாரம் உச்சம். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். தூக்கம் மட்டும் ஒரு மாதம் தாண்டியும் படுத்தலாம். இது நடிப்பு இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற மனநோய்க் கையேட்டிலேயே இதற்கு இடம் உண்டு. சிகரெட் புகையிலையோடு கலந்து அடித்தவர் என்றால் நிக்கோட்டினும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும். கஞ்சாவை நிறுத்தியவர் ஒரே வாரத்தில் சிகரெட்டில் போய் விழுவது அதனால்தான். நிக்கோட்டினுக்குத் தோலில் ஒட்டும் பட்டை, சூயிங்கம் எல்லாம் இருக்கிறது, டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே வாங்கி வைக்கலாம்.

வீடு தோற்பது நாலாம் நாளில். கதவு படாரென்று சாத்தப்படும், பிள்ளை அழும், அவளே வாய்விட்டுச் சொல்லிவிடுவாள்: "தயவுசெஞ்சு போய் ஒண்ணு அடிச்சிட்டு வந்துடுங்க." அரை மணி நேரத்தில் வீடு அமைதி. 'கஞ்சாதான் என்னை மனுஷனா வச்சிருக்கு' என்று அவர் நம்பிவிடுவார். அவளும் அதையே நம்பிவிடுவாள். உண்மையில் அவர்கள் பார்த்தது அவருடைய குணத்தை இல்லை, நாலாம் நாளை. பதினைந்தாம் நாளை இருவரும் பார்க்கவே இல்லை. 2012இல் வந்த மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்றில், தினமும் புகைத்துவந்தவர்களுக்குக் குறைந்திருந்த ஏற்பிகள் சுமார் 4 வாரம் விட்டிருந்ததும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன. நாலாம் நாளோடு முடிகிற கதை இல்லை இது.

அப்புறம் அவள் என்னதான் செய்வது என்கிறீர்களா? அண்ணனைக் கேட்டிருந்தால் 'அட்ஜஸ்ட் பண்ணும்மா' என்றிருப்பார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பேசுவது காலையில். அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், பத்தே நிமிடம், ஒரே விஷயம். "நீங்க எப்பவும் இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் பத்து வருஷக் கணக்கும் வெளியே வரும், ஒன்றும் நகராது. "செவ்வாய், வியாழன், சனி ராத்திரி வண்டிச் சாவி உங்ககிட்ட. அன்னைக்கு நீங்க தெளிவா இருக்கணும்" என்று நாள் சொல்லிக் கேட்க வேண்டும். சரக்கை எடுத்துக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். கொட்டினால் மறுநாள் புதுப் பொட்டலம் வரும், ஒளித்துவைக்கும் இடம் மாறும், நீங்கள் மனைவியிலிருந்து போலீஸ் ஆகிவிடுவீர்கள். ஆபீஸுக்குப் போன் பண்ணி "அவருக்கு வயிறு சரியில்லை" என்றும் சொல்லாதீர்கள், அந்தப் போனை அவரே பண்ணட்டும். புகை வீட்டுக்குள்ளும் வண்டிக்குள்ளும் கூடாது. காற்றோட்டம் இல்லாத அறையில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவர்களின் சிறுநீரிலேயே டிஎச்சி காட்டியதை 2015இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில் பார்த்தார்கள். கஞ்சாவைத் தின்பண்டமாக வாங்கி வைத்திருந்தால் பூட்டு போட்ட பெட்டி, பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில். அவளே அடிப்பவள் என்றால், பால் கொடுக்கும் காலத்தில் கண்டிப்பாகக் கூடாது. தாய்ப்பாலில் ஆறு நாள் வரைகூட டிஎச்சி இருந்ததை 2018இல் ஓர் ஆய்வு காட்டியது.

ராபர்ட் மேயர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் குடும்பத்தாருக்காகவே உருவாக்கிய 'கிராஃப்ட்' என்ற பயிற்சி முறை இருக்கிறது. திட்டுவதும் கெஞ்சுவதும் இல்லாமல், தெளிவாக இருக்கும் நேரத்தில் நெருங்கி இருப்பது, அடித்திருக்கும் நேரத்தில் சண்டை போடாமல் விலகி வேறு அறைக்குப் போவது, அதன் விளைவுகளை அவரே சுமக்க விடுவது. சொல்ல எளிது. செய்ய, சத்தியமாக, முதுகு உடையும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. மாதக்கணக்கில் திரும்பத் திரும்பக் குடலைப் பிரட்டும் வாந்தி, கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நின்றால் மட்டும் ஆறுதல் என்றால், அது அல்சர் என்று மாத்திரை போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 2004இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் விவரித்த கஞ்சா வாந்தி நோயாக இருக்கலாம், நிறுத்தினால்தான் நிற்கும். டாக்டரிடம் கஞ்சா விஷயத்தை மறைத்தால் ஸ்கேன் மேல் ஸ்கேன்தான் எடுப்பார்கள். இன்னொன்று, "என்னை யாரோ கண்காணிக்கிறாங்க, நீயும் அவங்க கூடத்தான்" என்று சந்தேகம் முளைப்பது. வாதாடாதீர்கள், மனநல மருத்துவரிடம் போங்கள். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்திருந்தால் அன்றைக்கே போங்கள்.

'இது செடிதானே, இயற்கைதானே.' அரளியும் செடிதான். எட்டியும் செடிதான்.

'மருந்தாவே குடுக்கிறாங்களே.' கொடுக்கிறார்கள். 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது அரிய வலிப்பு நோய்களுக்கான சிபிடி மருந்து. சிபிடி கஞ்சாச் செடியில் உள்ள, போதை ஏற்றாத பொருள், மில்லிக் கணக்கில் அளந்து, டாக்டர் சீட்டோடு. பால்கனியில் லைட்டரோடு நிற்பவர் எந்த மில்லியை அளக்கிறார்?

'பொண்ணுங்களும் அடிக்கிறாங்களே.' அடிக்கிறார்கள். அப்போது டியூட்டி அவனுக்கு. அடுத்தது.

'தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டா?'

இதற்கு மட்டும் என்னால் நிதானமாகப் பதில் எழுத முடியவில்லை. மூன்று தடவை எழுதி அழித்தேன். கட்டிக்கொண்டபோது அது சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு ஒன்று. ஏற்பிகள் மரத்துப்போக மரத்துப்போக ஒன்று இரண்டாகும், சனி வெள்ளியையும் ஞாயிறையும் இழுத்துக்கொள்ளும், அப்புறம் கிழமையே இருக்காது. சரக்கும் அதே சரக்கு இல்லை. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் 1995இல் டிஎச்சி சுமார் 4 சதவீதம், 2014இல் சுமார் 12. எந்த நாளில் அவள் 'தெரிந்து' கொண்டிருக்க வேண்டும், தேதி சொல்லுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் அவர் முகம் அணைந்துபோவதை எந்த ஜாதகத்தில் பார்த்திருக்க வேண்டும்? எட்டு மணிக்கு மேல் தன் வீட்டில் தனக்குப் பேச ஆள் இல்லை என்பதை ஒருத்தி எத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறாள் என்று நினைக்கிறீர்கள்? அன்றுதான் முதல் தடவை. நாம் சிரித்தோம்.

நானும்தான். சத்தமாக இல்லை, ஆனால் சிரித்தேன்.

அண்ணா, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். மன்னிப்பெல்லாம் வேண்டாம், பதிலுக்கு நீளமாகப் பதிவும் போட வேண்டாம். அவர் உங்கள் சிநேகிதர்தானே, ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போய், "பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினா வண்டிய யார் எடுக்கிறது" என்று அவரையே கேளுங்கள். காலையில் போங்கள். ராத்திரி எட்டுக்கு மேல் போனால், நீங்கள் கேட்டதே மறுநாள் அவருக்கு ஞாபகம் இருக்காது.