ஜோஷுவா மரத்தை அழிப்பது அந்துப்பூச்சியா?

"அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் ஒரு குட்டி அந்துப்பூச்சி பூவில் முட்டையிட்டு ஜோஷுவா மரங்களையே அழிக்கிறது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. முட்டையிடுவது சரி. மற்றது தவறு.

இந்த யூக்கா அந்துப்பூச்சி இல்லாவிட்டால் அந்த மரத்தில் விதையே பிடிக்காது. பெண் பூச்சி மகரந்தத்தைத் திரட்டி, உருண்டையாகத் தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு போகும். பூவில் விதை உருவாகும் பகுதியான சூலகத்தில் முட்டையிடும். அப்புறம் மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூல்முடியில் அதைத் தேய்த்துத் திணிக்கும். தேனுக்காக வருவதில்லை. புழுக்கள் கொஞ்சம் விதையைத் தின்னும். கூலி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மரங்களை எரித்தது தீ: 2020இல் அந்தப் பாலைவனத்தின் சீமா டோம் பகுதியில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேல் கருகின.

ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் இணையதளத்தில் இந்தப் பூச்சியைப் பற்றிப் படிக்கலாம். அந்தச் செய்தியை இனி ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.