நிறுத்தச் சொல்லிக் கொடுத்தோமா?

போன வாரம் ரவுண்ட்ஸில் ஒரு கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். காய்ச்சலோடு வந்து சேர்ந்தவர். முதல் நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆண்டிபயாடிக் 1 கிராம், நரம்பு ஊசி, காலையும் இரவும். இரண்டாம் நாள் 'சி.எஸ்.டி.' மூன்றாம் நாளும் 'சி.எஸ்.டி.' ஆறாம் நாள் வரை அதேதான். (மருத்துவர் அல்லாதவர்களுக்கு: 'அதே சிகிச்சை தொடரட்டும்' என்பதன் சுருக்கம் இது.) இரண்டாம் நாளே டெங்கு பாசிட்டிவ் என்று வந்த ரிப்போர்ட் அதே ஷீட்டில் ஒட்டியிருக்கிறது. டெங்கு வைரஸை அந்த ஊசி ஒன்றும் செய்யாது.

"ஏம்மா நிறுத்தலை?" என்று ஹவுஸ் சர்ஜனைக் கேட்டேன்.

"யாரும் நிறுத்தச் சொல்லலை சார்."

திட்டத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை. அந்தப் பெண் சொன்னது உண்மை. இரண்டாம் வருஷ பார்மகாலஜியில் எந்த மருந்து கிருமியின் எந்த இடத்தைத் தாக்கும், செஃபலோஸ்போரின் வகை ஆண்டிபயாடிக்கில் எத்தனை தலைமுறை என்றெல்லாம் கேட்டால் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். 'இந்த நோயாளிக்கு என்றைக்கு நிறுத்துவாய்?' என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நானே எத்தனை முறை கேட்டிருப்பேன்? விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்புறம் வார்டுக்கு வந்ததும் பி.ஜி. (முதுநிலை மாணவர்) எழுதுவதைப் பார்த்து எழுதுகிறார்கள். அந்த பி.ஜி. தன் சீனியரைப் பார்த்து எழுதியவர். ஆபரேஷன் வார்டில் இது இன்னும் மோசம். சுத்தமான அறுவைச் சிகிச்சைக்குக் கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஒரு டோஸ் செஃபசோலின் போட்டால் பெரும்பாலும் போதும். நாம் ஐந்து நாள் போடுகிறோம். கேட்டால், "வார்டு இருக்கிற லட்சணத்துக்குப் பயமா இருக்கு சார்" என்கிறார்கள். பயம் பொய்யில்லை. ஆனால் கை கழுவாததற்கு மருந்து கை கழுவுவதுதான்.

'ஆண்டிபயாடிக்கைக் குறை' என்று மட்டும் வகுப்பெடுப்பதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. நம் ஊரில் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற, சிறு பூச்சி கடித்து வரும் பாக்டீரியா காய்ச்சல் அதிகம். செஃப்ட்ரியாக்சோன் ஒரு வாரம் போட்டாலும் அது கேட்காது. விலை மலிவான டாக்சிசைக்ளின் மாத்திரைக்குப் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே என்று தேடிப் பார்த்தால் பலருக்கு சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். சட்டையைக் கழற்றிப் பார்க்கச் சோம்பல்பட்டால் ஷீட்டில் விலை உயர்ந்த ஊசிதான் ஏறும். பொறுப்பாக மருந்து எழுதுவது என்பதில் பாதி, நோயாளியை ஒழுங்காகப் பரிசோதிப்பது.

2010இல், வலுவான ஆண்டிபயாடிக்குகளையும் முறியடிக்கக் கிருமிக்கு உதவும் 'நியூ டெல்லி' நொதியான என்.டி.எம்.-1 பற்றிய கட்டுரை லான்செட் குழும இதழில் வந்தபோது, டெல்லி பெயரை வைத்துவிட்டார்கள் என்றுதான் நாடே கொதித்தது. அதில் சென்னையில் எடுத்த மாதிரிகளும் இருந்தன. 2014இல் சில ஆண்டிபயாடிக் உள்ளிட்ட மருந்துகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் எச்1 அட்டவணை வந்தது. அதில் உள்ள மருந்துகளை விற்றால் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சீட்டு எழுதுகிற நமக்கு? காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்று மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம் மருத்துவக் கல்லூரிகளைக் கேட்டுக்கொண்டதே 2024 ஜனவரியில்தான்.

இன்னொன்றும் சொல்லித் தருவதில்லை. ஓ.பி.யில் சளியோடு வரும் பாட்டி, "ஊசி போடாம அனுப்புறியே, நீயெல்லாம் டாக்டரா?" என்பார். 'இருமல் போக ரெண்டு மூணு வாரம்கூட ஆகலாம் பாட்டி, மூச்சு வாங்கினா அன்னைக்கே வந்துடுங்க' என்று நிதானமாகச் சொல்ல ஒரு பழக்கம் வேண்டும். அதற்கு எந்தப் பரீட்சையிலும் மதிப்பெண் கிடையாது.

என் யூனிட்டில் இந்த வாரம் முதல் ஆண்டிபயாடிக்குக்கு 'சி.எஸ்.டி.' எழுதக் கூடாது. எத்தனையாவது நாள், எதற்காக, கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) என்ன சொல்கிறது, என்றைக்கு நிறுத்துவது, நான்கையும் எழுத வேண்டும். "எழுதவே நேரம் போதலை சார்" என்று பி.ஜி. முனகுகிறார். முப்பது படுக்கைக்கு இரண்டே பேர், அவர் முனகுவதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த மூன்றெழுத்தைத் திரும்ப அனுமதிப்பதாக இல்லை.