அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பகிர்ந்தவர்களுக்கு

நேற்று முழுக்க ஒரு நிவாரண அமைப்பின் செலவுக் கணக்கைக் காட்டும் அந்த ஸ்கிரீன்ஷாட்தான். 'நிர்வாகச் செலவு' என்ற வரிக்கு சிவப்பு வட்டம், மேலே 'திருட்டுக் கும்பல்' என்று தலைப்பு. என் நண்பர்களே பகிர்ந்திருந்தீர்கள். வலித்தது.

காசு எங்கே போகிறது என்று கேளுங்கள், சரி. அது எங்கிருந்து, என்ன நிபந்தனையோடு வருகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே?

ஐ.நா. என்று பெயர் இருந்தால் கஜானா நிரம்பி வழியும் என்று நினைக்கிறீர்கள். பசித்தவர்களுக்கு உணவு தரும் ஐ.நா. அமைப்பான உலக உணவுத் திட்டம் நடப்பதே விரும்பிக் கொடுக்கும் பணத்தில்தான். அதில் பெரும்பகுதி அரசுகள் தருவது. அவர்கள் கையை இழுத்துக்கொண்டால் தட்டில் சோறு குறையும். 2023இல் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் ரோஹிங்கியா அகதிகளுக்கான உணவு உதவி, மாதம் ஆளுக்கு 12 டாலராக இருந்தது மார்ச்சில் 10 ஆனது, ஜூனில் 8 ஆனது. நிதி வரவில்லை, அதுதான் காரணம்.

நான் ஒரு நிவாரண அமைப்பின் கணக்குப் பிரிவில் நாலு வருஷம் இருந்தவள். ஒரு குளிர்காலத்தில் கிடங்கில் போர்வைக் கட்டுகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. லாரிக்கு டீசல் போடக் காசில்லை. போர்வைக்கென்று வந்த பணத்தைப் போர்வைக்கு மட்டுமே செலவழிக்கலாம். ஒப்பந்தத்தில் போக்குவரத்து என்ற வரியே கிடையாது. அனுமதி கேட்டுவிட்டுப் பதினோரு நாள் காத்திருந்தோம். கிடங்குக் காவலர் தினமும் வந்து, "இன்னிக்காவது வண்டி போகுமா மேடம்?" என்பார். நிபந்தனையில்லாத பணம் கொஞ்சம் கையில் இருந்திருந்தால் அன்றைக்கே வண்டி கிளம்பியிருக்கும். அந்தக் காவலரின் சம்பளம் கணக்கில் எங்கே இருந்தது தெரியுமா? நிர்வாகச் செலவில்.

'அப்போ அதிகாரிகளின் சொகுசு?' என்பீர்கள். வீண் செலவு இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். தட்டிக் கேளுங்கள். 'அரசுக் காசே வேண்டாம் என்று சொல்லலாமே?' என்றும் கேட்பீர்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் என்ற மருத்துவ உதவி அமைப்பு அப்படிச் சொன்னது. அகதிகளைத் திருப்பி அனுப்ப ஐரோப்பிய ஒன்றியம் துருக்கியோடு போட்ட ஒப்பந்தத்தைக் கண்டித்து, 2016இல் அந்த ஒன்றியத்தின் நிதியையும் அதன் உறுப்பு நாடுகளின் நிதியையும் மறுத்தது. அப்படி மறுக்க அதனால் எப்படி முடிந்தது? அதன் வருமானத்தில் 95 சதவீதத்துக்கும் மேல் தனியார் நன்கொடை. அதில் பெரும்பகுதி லட்சக்கணக்கான சாதாரண ஆட்கள் கொடுப்பது.

அப்படிப்பட்டவர்களைத்தான் அந்தப் படம் விரட்டுகிறது. மாதாமாதம் கொடுத்துவந்த தோழி ஒருத்தி நேற்று ராத்திரி அதை நிறுத்திவிட்டாள். 'நல்லவேளை, தப்பித்தேன்' என்று எனக்கே செய்தி அனுப்பினாள். நாலு வருஷம் அந்தக் கணக்கை எழுதியவளுக்கு!

இந்த அமைப்புகளின் ஆண்டறிக்கையில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலும் இருக்கும். வட்டம் போட்டவரே, அந்தப் பக்கத்தையும் ஒருமுறை பகிருங்கள்.