அண்ணா, எந்தக் குவியல்?

(அண்ணன் வீட்டுக்காரர். தம்பி, பழைய சாமான்களை எடைக்கு வாங்க வண்டியோடு வந்திருக்கும் பழைய இரும்புக் கடைக்காரர்.)

தம்பி: எல்லாம் ஏத்தியாச்சுண்ணா, கயிறு கட்டிடட்டுமா?

அண்ணன்: ஏய், இதையெல்லாம் எதுக்குப்பா ஏத்தினே? இது வீட்டுக்கு வேணும். போடறது அந்தாண்ட, தூணுக்குப் பக்கத்துல.

தம்பி: "திண்ணையில இருக்கிற பழசை எல்லாம் எடுத்துக்க"ன்னு ஃபோன்ல சொன்னீங்க. வந்து பார்த்தா ரெண்டு குவியல். ஒண்ணுல புளி போட்டு விளக்கின பித்தளை அண்டா, தையல் மிஷின். இன்னொண்ணுல இறக்கை இல்லாத டேபிள் ஃபேன், கைப்பிடி இல்லாத குக்கர், அடி ஓட்டை விழுந்த நீல டிரம், டிவி. எது பழசுன்னு நானா ஒரு முடிவுக்கு வந்தேன்.

அண்ணன்: ஃபேனுக்கு இறக்கை வாங்கி மாட்டினா ஓடும்.

தம்பி: காயிலும் எரிஞ்சு கிடக்கே.

அண்ணன்: காயில் கட்டினா ஓடும்.

தம்பி: இறக்கையும் புதுசு, காயிலும் புதுசுன்னா இதுல எதைக் காப்பாத்தறீங்க, சுவிட்சையா?

அண்ணன்: மொதல்ல டிவியை இறக்கு. 2006ல ஆரம்பிச்ச இலவச டிவி திட்டத்துல வந்தது. ஞாபகமா இருக்கட்டும்.

தம்பி: எனக்கும் ஞாபகம்தான், போகிக்குப் போகி நாந்தானே எடை போடறேன். போன வருஷத்தைவிட அரைக் கிலோ கூடியிருக்கு, உள்ளே பல்லி குடும்பம் நடத்துது. பிக்சர் டியூப் போன டிவியில எனக்குக் காசு ஆகறது டியூப் கழுத்தைச் சுத்தியிருக்கிற செம்புக் கம்பிதான். கண்ணாடியில ஈயம், அதை ஒருத்தனும் வாங்க மாட்டான். நஷ்டம்னு தெரிஞ்சே நான் எடுக்கறேங்கறேன், லாபம் இல்லைன்னு தெரிஞ்சும் நீங்க விட மாட்டேங்கறீங்க.

அண்ணன்: டிரம்மாவது இருக்கட்டும், தண்ணி பிடிக்க.

தம்பி: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013லயே வந்தாச்சு.

அண்ணன்: நின்னு போச்சுன்னா? ஓட்டைக்கு எம்சீல் வெச்சா...

தம்பி: ஓடும். தெரியும். தண்ணி ஓடும்.

(அண்ணன் இதற்குச் சிரிக்கவில்லை. டிரம்மைத் தானே இறக்கி உருட்டிக்கொண்டு போய், பழைய இடத்தில், அது போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் தரையில் போட்டிருந்த வட்டத்துக்குள் சரியாக வைத்துவிட்டு வந்தார்.)

தம்பி: இந்த டிரங்குப் பெட்டியில என்னண்ணா?

அண்ணன்: முக்கியமான பேப்பர்.

தம்பி: பழைய ரேஷன் கார்டு. "தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி வட்டம்"னு போட்டிருக்கு. மாவட்டமே 2004 பிப்ரவரியில பிரிஞ்சு போயிடுச்சு, ஸ்மார்ட் கார்டு 2017ல வந்தாச்சு, நீங்க மட்டும் இன்னும் தர்மபுரியில குடியிருக்கீங்க.

அண்ணன்: நாளைக்கு யாராவது கேட்டா?

தம்பி: யாரு, பழைய கலெக்டரா?

அண்ணன்: நக்கல் பண்ணாதே. அந்தத் தையல் மிஷினை ஏத்து, அதான் இடத்தை அடைக்குது. வீடியோவுல சொல்றாங்க, ஒரு வருஷம் தொடாத பொருளை யோசிக்காம வெளியே போட்டுடணுமாம்.

தம்பி: ஊசியில பச்சை நூல் கோத்தபடி இருக்கு. அடியில பாதி தைச்ச ஜாக்கெட் கை மாட்டியிருக்கு. இதை யாரு ஒரு வருஷமா தொடலை?

அண்ணன்: நான் தொடலையே.

தம்பி: அக்கா எங்கே?

அண்ணன்: தங்கச்சி வீட்டுக்கு, பாலக்கோட்டுக்குப் போயிருக்கா. சாயங்காலம் வந்துடுவா.

தம்பி: அதானே பார்த்தேன்.

அண்ணன்: என்ன பார்த்தே?

தம்பி: போடற குவியல் மொத்தமும் அக்காவோடது, வைக்கிற குவியல் மொத்தமும் உங்களோடது. பழையபேட்டையில இருந்து பர்கூர் வரைக்கும் இதேதாண்ணா. ஆம்பளைங்க கூப்பிட்டா சமையல்கட்டுதான் காலியாகுது. அந்தம்மா சீரா கொண்டுவந்த அண்டாவைக் கிலோ கணக்குல கேக்கறாங்க, தன்னோட பஞ்சரான டியூபை மட்டும் ஆணியில மாட்டி வெச்சுக்கிட்டு, வீட்டுல நடக்க இடமில்லைன்னு பொண்டாட்டியைத் திட்டறாங்க.

அண்ணன்: நீ இரும்பு வாங்க வந்தியா, பஞ்சாயத்துக்கு வந்தியா?

தம்பி: இரும்புக்குத்தான். ஆனா அக்கா வாயால சொல்லாம அந்த மிஷினை நான் தூக்க மாட்டேன். போன தடவை ஒரு வீட்டுல அப்படித் தூக்கிட்டுப் போனேன், அந்த வீட்டம்மா கடைக்கே தேடி வந்துட்டாங்க. அப்ப நான் சாயங்காலமே வரேன்.

அண்ணன்: சாயங்காலம் வேணாம், அவ இருப்பா. நாளைக்கும் வேணாம், காலையில நான் ஓசூர் போறேன், வர ராத்திரி ஆகும்.

தம்பி: நாளைக்கு நீங்க இருக்க மாட்டீங்களா? முன்னாடியே சொல்லக் கூடாதா! பத்து மணிக்கு வரேன், அக்காகிட்டச் சொல்லிடுங்க. இந்தச் சின்ன வண்டி பத்தாது, டாட்டா ஏஸ் எடுத்துட்டு வரேன்.