இடிக்காம விட்ட ஒரு ஃபுட்பால் கிரவுண்டு

எங்க செட்டிநாட்டுப் பக்கத்துல ஒரு பெரிய வீட்டைப் பிரிக்கிறதை கண்ணால பாத்தவங்களுக்கு நான் சொல்ல வர்றது சட்டுனு புரியும். எங்க ஐயா பள்ளத்தூர்ல ஒரு செட்டியார் வீட்டுக்கு இருபது வருஷத்துக்கு மேல காவல் பாத்தாங்க, முகப்புல ஆரம்பிச்சு பின்கட்டு வரைக்கும் கூட்டிப் பெருக்கவே அப்பத்தாவுக்கு அரை நாள் ஓடிரும், நாங்க பிள்ளைங்க வளவுல, அதான் நடு முற்றத்துல, பந்து உருட்டி விளையாடுவோம், பட்டாலைத் திண்ணைப் பக்கம் மட்டும் போகக்கூடாது. பங்காளிங்க சென்னை, கோயமுத்தூர், மலேசியான்னு ஆளுக்கொரு திசையா போயிட்டாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை முன்னோருக்குப் படைக்கிற படைப்பு, எப்பவாச்சும் ஒரு கல்யாணம், அன்னைக்கு மட்டும்தான் வீட்டுல ஆள் சத்தம் கேக்கும். ஒரு வருஷம் எல்லாப் புள்ளியும், அதாவது பங்கு உள்ள எல்லாக் குடும்பமும், கையெழுத்துப் போட்டாங்க, லாரி வந்துச்சு. மொதல்ல நிலைக்கதவு, ஜன்னல் போச்சு, அப்புறம் ஓடு, சட்டம், அதுக்கப்புறம் தேக்குத் தூணு, கடைசியா தரையில கிடந்த ஆத்தங்குடிக் கல்லு. ஒரு மாசம் கழிச்சு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடை ஒண்ணுல அந்த நிலைக்கதவு சாத்தி வெச்சிருந்ததை ஐயா பாத்துட்டு வந்தாங்க. காலைல எந்திரிச்சதும் அவங்க கையால திறந்த கதவு. அதுக்கப்புறம் அந்தத் தெருப்பக்கம் அவங்க போகவே இல்லை.

இதை எதுக்கு ஃபுட்பால் பதிவுல எழுதுறேன்னா, லிவர்பூல்ல இருக்க எவர்டன் கிளப் அவங்க பழைய ஸ்டேடியம் குடிசன் பார்க்கை இடிச்சுட்டு வீடும் கடையும் கட்டப்போறாங்கன்னு பல வருஷம் முன்னாடியே படிச்சப்ப எனக்கு வந்தது அந்த லாரி ஞாபகம்தான். சிங்கப்பூர்ல வேலை பாத்த சித்தப்பா 95ல எவர்டன் எஃப்.ஏ. கப் ஜெயிச்ச வருஷம் ஊருக்கு வந்தப்ப ஒரு நீல ஜெர்சி கொண்டு வந்தாரு, அதுல இருந்து இந்த டீம்தான் நமக்கு. நேர்ல போனதில்லை, ஆனா அந்த கிரவுண்டோட மூலை முடுக்கெல்லாம் எனக்கு அத்துப்படி.

அது பிறந்த கதையே ஒரு பங்காளிச் சண்டைதான். எவர்டன் 1884ல இருந்து ஆடுனது ஆன்ஃபீல்டுல, ஆமா, இன்னைக்கு லிவர்பூல் டீம் ஆடுற அதே ஆன்ஃபீல்டு, 1891ல லீக் சாம்பியன் ஆனதும் அங்கயிருந்துதான். கிளப் பிரசிடெண்ட் ஜான் ஹோல்டிங் ஒரு பீர் கம்பெனி முதலாளி, 100 பவுண்டா இருந்த வாடகையை கொஞ்ச வருஷத்துல ரெண்டு மடங்குக்கு மேல ஏத்திட்டாரு. சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிற ஜார்ஜ் மஹோன்னு ஒருத்தர் தலைமையில மத்தவங்க எல்லாம் வெளிய வந்து, பக்கத்துல இருந்த ஒரு பார்க்குக்கு அந்தப் பக்கம் மேடும் பள்ளமுமா கிடந்த ஒரு இடத்தைப் பிடிச்சாங்க. பேக்ஸ்டர்னு ஒரு டாக்டர் வட்டியில்லாம 1,000 பவுண்டு கொடுத்தாரு. வட்டிக்கணக்குக்குப் பேர்போன ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு அந்தக் காலத்துல அது எவ்வளவு பெரிய காசுன்னு நான் சொல்லணும்னு இல்லை. 1892 ஆகஸ்ட் 24ல திறந்தாங்க. காலி ஆன்ஃபீல்டை வெச்சுக்கிட்டு ஹோல்டிங் புதுசா ஆரம்பிச்ச டீம்தான் லிவர்பூல். ரெண்டு கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு பார்க்குதான், நடந்தே போயிரலாம்.

அப்புறம் அந்த வீட்டை அவங்க கட்டிக்கிட்டே போனாங்க. ஆர்ச்சிபால்டு லீச்னு கிளாஸ்கோக்காரர், ஃபேக்டரி கட்டிக்கிட்டிருந்த இன்ஜினியர், அவர் டிசைன் பண்ண ஸ்டாண்டுல பால்கனி முகப்புல இரும்புச் சட்டம் குறுக்கும் நெடுக்குமா பின்னல் போட்ட மாதிரி ஓடும், எனக்கு அதைப் பாத்தா நம்ம ஊரு ஜன்னல் கம்பி வேலைப்பாடு மாதிரியே தெரியும். 1938ல கடைசி ஸ்டாண்டும் முடிஞ்சப்ப நாலு பக்கமும் ரெண்டு அடுக்கு ஸ்டாண்டு இருந்த மொதல் கிரவுண்டு இங்கிலாந்துல இதுதான். ஒரு மூலையில செயின்ட் லூக்ஸ் சர்ச் ஸ்டாண்டுக்கு ஒட்டுனாப்ல நிக்கும், அதை யாரும் இடிக்கலை, கிரவுண்டுதான் அதுக்கு வளைஞ்சு கொடுத்துச்சு. 1948ல லிவர்பூலோட ஆடுன மேட்சுக்கு 78,299 பேர் வந்தாங்க. 66 உலகக் கோப்பையில வட கொரியா 3-0ன்னு முன்னாடி போயிட்ட மேட்சுல யூசேபியோ ஒருத்தரே நாலு கோல் போட்டு போர்ச்சுகல் 5-3ன்னு ஜெயிச்சது இங்கதான்.

எவர்டனுக்கு ஆடுன டிக்ஸி டீன் பத்தி சொல்லாம விட முடியாது. 1927-28 சீசன்ல லீக்ல மட்டும் 60 கோல், கடைசி மேட்சுல ஆர்சனலுக்கு எதிரா மூணு கோல் போட்டு அந்த 60ஐத் தொட்டாரு, இங்கிலாந்து லீக்ல இன்னைக்கு வரைக்கும் யாரும் அதைத் தாண்டலை. 1980 மார்ச் 1ந் தேதி அதே கிரவுண்டுக்கு லிவர்பூல் மேட்சு பாக்க வந்தவரு, அங்கயே உசுரு போயிருச்சு, 73 வயசு. செத்துப்போன ரசிகர்களோட அஸ்தியை அந்தப் புல்தரை ஓரத்துலயே புதைச்சிருக்காங்க, 800 பேருக்கு மேல, இடமில்லாம போய்தான் 2004ல நிறுத்துனாங்க. நாம அஸ்தியை ராமேஸ்வரம் கொண்டு போறோம்ல, அவங்களுக்கு அது குடிசன் பார்க். அப்படிப்பட்ட இடத்துல புல்டோசர் ஏத்துறதா?

ஆனா எனக்கு இந்த கிரவுண்டு கதையில ரொம்ப முக்கியமான நாள் இது எதுவும் இல்லை. 1920 டிசம்பர் 26. பிரஸ்டன்ல டிக் கெர்னு ஒரு ஃபேக்டரி, முதல் உலகப்போர் சமயத்துல ஆம்பளைங்க சண்டைக்குப் போயிட்டதால குண்டு செய்யிற வேலைக்கு வந்த பொண்ணுங்க, சாப்பாட்டு இடைவேளையில பந்து விளையாடி விளையாடி டீமா ஆயிட்டாங்க. அவங்களும் செயின்ட் ஹெலன்ஸ் ஊர்ப் பொண்ணுங்களும் குடிசன் பார்க்ல ஆடுனாங்க, உள்ள மட்டும் 53,000 பேர், இடம் கிடைக்காம வெளிய நின்னு திரும்பிப் போனவங்க இன்னும் பல ஆயிரம். வசூலான காசு நல்ல காரியத்துக்குப் போச்சு. ஒரு வருஷம்கூட ஆகலை, 1921 டிசம்பர் 5ந் தேதி எஃப்.ஏ., அதான் இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம், என்ன பண்ணுச்சு தெரியுமா, ஃபுட்பால் பொம்பளைங்களுக்கு ஏத்த விளையாட்டே இல்லைன்னு தீர்மானம் போட்டு, எந்த கிளப்பும் அவங்களுக்கு கிரவுண்டு கொடுக்கக்கூடாதுன்னு சொல்லிருச்சு. விளையாடாதேன்னு சட்டம் போடலை பாருங்க, கிரவுண்டு கொடுக்காதேன்னு சொன்னாங்க, அது போதும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்தத் தடை ஐம்பது வருஷம் ஓடுச்சு, 2008லதான் எஃப்.ஏ. மன்னிப்பே கேட்டுச்சு.

அதனாலதான் 2025 மே மாசம் அந்தச் செய்தி வந்தப்ப நான் ராத்திரி உக்காந்து மூணு தடவை படிச்சேன். குடிசன் பார்க்கை இடிக்கப் போறதில்லை, எவர்டன் பெண்கள் டீமோட சொந்த கிரவுண்டா ஆக்கப்போறோம்னு கிளப் சொல்லிருச்சு. அதுவரைக்கும் அந்தப் பொண்ணுங்க ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர் உக்கார்ற சின்ன இடத்துல ஆடிக்கிட்டு இருந்தாங்க. மே 18 சவுத்தாம்ப்டனோட ஆம்பளைங்க டீம் கடைசி மேட்சு ஆடுச்சு, 2-0, ரெண்டும் இலிமான் இன்டியாயே போட்டது. பிராம்லி-மூர் கப்பல் துறையில கட்டுன புது ஸ்டேடியத்துல மொதல் லீக் மேட்சு ஆகஸ்ட் 24, பழசு திறந்த அதே தேதி, சரியா 133 வருஷம் கழிச்சு. செப்டம்பர்ல பொண்ணுங்க குடிசன்ல இறங்கிட்டாங்க.

அந்தப் புது ஸ்டேடியத்தையும் ஒரு காரணமாச் சொல்லித்தான் 2021ல யுனெஸ்கோ லிவர்பூல் துறைமுகத்தை உலக பாரம்பரியப் பட்டியல்ல இருந்து எடுத்துச்சு. நம்ம செட்டிநாட்டு ஊருங்க 2014ல இருந்து அதுல சேரக் காத்திருக்கிற தற்காலிகப் பட்டியல்ல இருக்கு, அந்தப் பத்து வருஷத்துல பிரிச்ச வீடு எத்தனைன்னு இங்க இருக்க எல்லாருக்கும் தெரியும். பட்டியல்ல பேர் வரட்டும், நல்லதுதான், ஆனா பள்ளத்தூர் வீட்டுல யாராச்சும் ஒரு குடும்பம் அடுப்பு பத்த வெச்சிருந்தா அந்த லாரி வந்திருக்காதுன்னு ஐயா சாகுற வரைக்கும் சொன்னாங்க. குடிசன்ல அடுப்பு பத்த வெக்க ஆள் வந்தாச்சு, அதுவும் நூறு வருஷம் முன்னாடி வாசலோட திருப்பி அனுப்புன பொண்ணுங்க.

எம் பொண்ணும் ஆடுறா, பதினொண்ணாவது படிக்கிறா, லெஃப்ட் பேக். ஒரு கிரவுண்டுல சாயங்காலம் பிராக்டிஸ் பண்ணிக்கிறோம்னு கேக்கப் போனோம், பசங்க டீமுக்கே நேரம் பத்தலைன்னுட்டாங்க. அந்த இடம் பேரு வேணாம். ஆனா ஆறு மணிக்கு அங்க ஒரு டீம் ஆடிக்கிட்டிருக்கும், மறுபாதி சும்மா கிடக்கும், நான் என் கண்ணால பாத்தேன். திரும்பி வர்றப்ப வண்டியில பின்னாடி இருந்து, "ஏம்ப்பா, அந்த நீல ஜெர்சி கிரவுண்டை முழுசாவே பொண்ணுங்களுக்குக் கொடுத்துட்டாங்கல்ல, நமக்குப் பாதிதான கேட்டோம்?"னு கேட்டா. அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை.

இப்ப கண்மாய் ஓரப் பொட்டல்லதான் ஆடுறாங்க, மழை பெஞ்சா அதுவும் போச்சு. மொத்தம் 14 பொண்ணுங்க. காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் யாருக்காச்சும் இடம் இருந்தா, ஸ்கூல் கிரவுண்டோ சும்மா கிடக்குற கொல்லையோ, வாரத்துக்கு மூணு நாள் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் விட்டா போதும், முள்ளு வெட்டி சுத்தம் பண்றதை நாங்களே பாத்துக்கிறோம், கோல் போஸ்டுக்கு சவுக்குக் கம்பு தயாரா இருக்கு. இன்பாக்ஸ்ல ஒரு வார்த்தை சொல்லுங்க.