ஏமாந்தவரை மட்டும் ஏன் பாடமாக எடுக்கிறீர்கள்?

ஒரு தம்பி ஆங்கில வார்த்தை சொல்லிக்கொடுக்கும் அந்த ரீலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேட வேண்டாம், புண்ணியமாகப் போகும். அன்றைய ஆங்கில வார்த்தை 'கல்லிபிள்', அதாவது எளிதில் ஏமாறுகிறவர். எடுத்துக்காட்டுக்கு அந்தத் தம்பி பிடித்தது, டிஜிட்டல் அரெஸ்டில் (போலீஸ் என்று சொல்லி வீடியோ காலிலேயே 'கைது' செய்து மிரட்டிப் பணம் பறிக்கும் மோசடி) பணத்தைப் பறிகொடுத்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரை. "ஷி வாஸ் ஸோ கல்லிபிள்" என்றதும் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் வேறு.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை கிடைத்தது. அவரை ஏமாற்றியவனுக்கு ஏன் ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை?

ஆங்கிலத்தில் பஞ்சமா? ஃப்ராடு, சீட், ஸ்விண்ட்லர், இம்போஸ்டர், குரூக் என்று மூட்டை மூட்டையாக இருக்கிறது. 'கான் மேன்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 1849இல் நியூயார்க்கில் வில்லியம் தாம்சன் என்று ஒருவன். நன்றாக உடுத்திக்கொண்டு, தெருவில் போகிறவரிடம் பழகியவன்போலப் பேச்சுக் கொடுப்பான். "என்மேல் நம்பிக்கை வைத்து உங்கள் கடிகாரத்தை நாளை வரை தருவீர்களா?" என்பான். கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவன் பிடிபட்டபோது பத்திரிகைகள் 'கான்ஃபிடன்ஸ் மேன்' (நம்பிக்கை மனிதன்) என்று எழுதின, அதன் சுருக்கம்தான் 'கான் மேன்'. அந்தப் பட்டம் திருடனுக்கு. கடிகாரத்தைக் கொடுத்தவருக்கு அல்ல. நம் ஆட்களுக்கு இன்று அவன் 'கான் ஆர்ட்டிஸ்ட்', கலைஞன்! கடிகாரத்தைக் கொடுத்தவர் கல்லிபிள்.

தமிழில் நாம் மட்டும் என்ன யோக்கியம்? "அவர் ஏமாந்துட்டார்" என்கிறோம். அந்த வாக்கியத்தில் ஏமாற்றியவன் எங்கே இருக்கிறான்? நைசாக நழுவிவிட்டான். அவனைப் பற்றிப் பேச்சு வந்தாலும் "பலே கில்லாடிப்பா" என்று பாராட்டுப் பத்திரம்தான் வாசிக்கிறோம்.

உடனே வருவார்கள், "அகராதியில் உள்ள அர்த்தத்தைத்தானே சொன்னார், இதில் என்ன தப்பு?" என்று. அகராதியில் சிரிப்புச் சத்தம் இருக்கிறதா தம்பி?

"பேராசைப்பட்டால் இப்படித்தான்" என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். ஐயா, 45 நாளில் 50 சதவீதம் லாபம் என்று 1920இல் பாஸ்டனில் மோசடிக்காரர் சார்லஸ் போன்சி சொன்னாரே, அங்கே ஆசையைப் பேசுங்கள், கேட்டுக்கொள்கிறேன். டிஜிட்டல் அரெஸ்டில் ஆசை எங்கிருந்து வந்தது? அது முழுக்கப் பயம். உன் பெயரில் பார்சல், அதில் போதைப்பொருள், வீட்டைவிட்டு வெளியே போகாதே, யாரிடமும் சொல்லாதே. இதில் அந்த டீச்சருக்கு என்ன லாபம் வரப்போகிறது?

"படித்தவர் யோசிக்க வேண்டாமா?" இந்தக் கேள்விதான் எனக்கு ஆகவே ஆகாது. வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தொழிலதிபர் எஸ்.பி. ஓஸ்வால் படிக்காதவரா? பத்மபூஷண் வாங்கியவர். 2024இல் அவரிடமே 7 கோடி ரூபாயைப் பறித்தார்கள். போலியாக ஒரு உச்ச நீதிமன்ற விசாரணையே நடத்தினார்கள், அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் என்று சொல்லி ஒருவனை உட்காரவைத்து. அவர் புகார் கொடுத்தார், பெரும்பகுதி மீட்கப்பட்டது. அவரை யாரும் ரீலில் போட்டு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததாக நான் பார்க்கவில்லை. ஓய்வூதியம் வாங்கும் டீச்சர் என்றால் மட்டும் இளக்காரம்.

என் பெரியப்பாவும் இதே டிஜிட்டல் அரெஸ்டில் மாட்டியவர், அது இங்கே பலருக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க ஊரார் கணக்கை எழுதியவர், ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி தூங்கமாட்டார். அவரை அந்த மோசடிக்காரர்கள் அறைக்குள்ளேயே உட்காரவைத்திருந்தார்கள். வீடியோ கால் துண்டாகக் கூடாது என்று போனைச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தார். சார்ஜர் வயர் எட்டாததால் நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டிருந்தார். பாத்ரூம் போவதற்குக்கூட "சார், போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டிருக்கிறார், பேரன் வயசுப் பயலிடம். பெரியம்மா கதவைத் தட்டினால் "ஆபீஸ் மீட்டிங்" என்பாராம். ரிட்டயர்டு ஆனவருக்கு என்ன மீட்டிங்! வங்கியில் எதற்கு இவ்வளவு பணம் என்று கேட்டபோதும், "மகளுக்கு வீடு வாங்க" என்று அவர்கள் சொல்லிக்கொடுத்ததையே ஒப்பித்துவிட்டார்.

பணம் போனது ஒரு பக்கம். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே அழைத்திருந்தால் கொஞ்சமாவது முடக்கியிருக்கலாம். அழைக்கவில்லை. ஏன்? இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான். "ஊர் கேட்டா என்னத்தச் சொல்றது?" என்றே நாளை ஓட்டினார். நீங்கள் சிரித்துச் சிரித்துக் கற்றுக்கொடுப்பது எச்சரிக்கை இல்லை. வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் கற்றுக்கொடுக்கிறீர்கள். அது யாருக்கு வசதி என்று யோசியுங்கள்.

எச்சரிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் சட்டத்தில் எதுவுமே கிடையாது, அதைச் சொல்லுங்கள். தினமும் சொல்லுங்கள். இங்கிலீஷிலேயே சொல்லுங்கள்.

அப்புறம், போன கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு "பெரியப்பா, ஆர்டிஜிஎஸ்ல பெரிய தொகை அனுப்புறது எப்படின்னு எங்களுக்கும் சொல்லிக்கொடுங்க" என்று கேட்ட என் அருமை உறவுக்காரர்களும் இதைப் படிப்பார்கள். படியுங்கள். அன்று நீங்கள் சிரித்தபோது அவர் பாதி இலையில் எழுந்தார். சாப்பாடு சரியில்லையோ என்று பெண் வீட்டார் வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

குடும்ப விஷயத்தை ஏன் முகநூலில் எழுதுகிறாய் என்று இதற்குள் இன்பாக்ஸில் இரண்டு பேர் வந்தாகிவிட்டது. பெரியம்மா சொன்னால் எடுத்துவிடுகிறேன். வேறு யார் சொன்னாலும் எடுக்கமாட்டேன்.