ஓவியத்துக்கு இடம் விடுங்கள்

தமிழில் ஓவிய இதழ் நடத்துவது லேசான காரியம் இல்லை. ஆர்ட் பேப்பர், வண்ண அச்சு, தபால் செலவு என்று எல்லாமே கையைக் கடிக்கும். அப்படியும் விடாமல் நடத்துகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். ஆங்கில இதழுக்காகப் போட்ட டெம்ப்ளேட்டில் தமிழைக் கொண்டுபோய்த் திணிக்காதீர்கள்.

சமீபத்தில் வாங்கிய ஓர் இதழில் பக்கத்தை நெடுக்கில் மூன்று பத்திகளாகப் பிரித்திருந்தார்கள். ஆங்கிலத்துக்கு அது சரி, அங்கே சொற்கள் சின்னவை. தமிழில் 'வரைந்துகொண்டிருக்கிறார்கள்' என்று ஒரு சொல் வந்தாலே வரி கிட்டத்தட்ட நிறைந்துவிடும். இரண்டு பக்கமும் நேராக நிற்க வேண்டும் என்று ஜஸ்டிஃபை கொடுத்தால், ஒரு வரிக்கு இரண்டே சொற்கள், நடுவில் பெரிய ஓட்டை. பத்தி முழுக்க இதே கதை. இரண்டு பத்தியாக்கி, வலது ஓரத்தை அதன் போக்கில் விட்டிருந்தால் கண் உறுத்தாமல் படித்திருக்கலாம். இல்லையென்றால் நம் அச்சுக்கூடங்களில் செய்ததுபோல, ஹைஃபன் இல்லாமலே சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம். புள்ளி எழுத்தில் வரி தொடங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அதைவிடக் கொடுமை, ஓட்டையை மறைக்க எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுவது. நிறைய ஃபான்ட்களில் துணைக்காலும் 'ர'வும் ஒரே உருவம். 'கால்' என்ற சொல்லைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள், 'கரல்' என்று கண்ணில் படும். யூனிகோடில் தட்டிய கட்டுரையைப் பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் போடும்போது, தமிழ் எழுத்துகளைச் சரியாகச் சேர்க்கிற கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், முன்னால் நிற்க வேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தலைப்பிலேயே அப்படி அச்சாகி வந்ததைப் பார்த்திருக்கிறேன். வரி இடைவெளியும் அப்படித்தான். மேலே புள்ளியும் சுழியும், கீழே பூ, மூ என்று இறங்கும் வளைவுகளும் இருக்கிற எழுத்து நம்முடையது. அதற்கு மூச்சுவிட இடம் வேண்டும்.

அப்புறம் படங்கள். ஓவியத்தின் மேல் கட்டுரையை ஓடவிடாதீர்கள். தயவுசெய்து. அதை வரைந்தவர் காலியாக விட்ட மூலை உங்கள் எழுத்துக்காக விட்டது இல்லை. முகம் வரும் இடத்தில் நடு மடிப்பு விழாமல் பாருங்கள், பசை பைண்டிங்கில் அந்த மூக்கு உள்ளே போனது போனதுதான். ஒரு பகுதியை மட்டும் போடுவதென்றால் 'பகுதி' என்று கீழே சொல்லிவிடுங்கள்.

1962இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'ஆர்ட்ஃபோரம்' என்ற கலை இதழ் பத்தரை அங்குலச் சதுரத்தில் வந்தது. நெட்டையான ஓவியம், அகலமான ஓவியம் இரண்டையும் அதே மாதிரி மதிக்கிற வடிவம் அது என்பது என் எண்ணம். 1965 முதல் 1969 வரை அதன் பக்கங்களை அமைத்தவர் எட் ரூஷே. 'எடி ரஷ்யா' என்ற பெயரில் செய்தார். அவரே ஓவியர். அப்படி ஒருவர் கையில் பக்கம் இருப்பது பெரிய பலம்.

நம்மிடமும் ஆள் இல்லாமல் இல்லை. ஓவியர் ஆதிமூலம் புத்தகங்களுக்கும் இதழ்களுக்கும் எழுதிக் கொடுத்த தலைப்பெழுத்துகளைப் பாருங்கள். அவர் கோட்டோவியத்தில் இருக்கும் அதே வேகம் அந்த எழுத்திலும் இருக்கும். இன்றைக்கு ஓர் இளம் ஓவியரிடம் கேட்டால் மாதம் ஒரு தலைப்பு எழுதித் தர மாட்டாரா? கணினியில் கிடக்கிற தடித்த ஃபான்ட்டைப் போட்டுப் புள்ளியெல்லாம் அடைபட்டுக் கிடப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

படக்குறிப்பில் ஓவியர் பெயர், ஆண்டு, ஊடகம் (எண்ணெய் வண்ணமா, நீர் வண்ணமா என்பது) மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். அளவையும் போடுங்கள். உள்ளங்கை அளவுக் கோட்டோவியமும் சுவரளவுக் கித்தானும் இதழில் ஒரே அரைப்பக்கத்தில்தான் வருகின்றன. எது எத்தனை பெரியது என்று வாசகருக்கு வேறு எப்படித் தெரியும்?